என்னைப் பொய்யன் என்ற டைம்கீப்பரம்மா

பதினோரு வருஷமாக எனக்கு டைம்கீப்பரம்மா மேல் ஒரு கோபம் உண்டு. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த அறையில் என்னைக் காட்டி, "இவர் பொய் சொல்றார்" என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மேஜையைத் தட்டவில்லை. பஸ் நாலு நிமிஷம் லேட் என்பது மாதிரி சொன்னார். ஒன்பது பேரில் ஒருத்தி என் மனைவி, இன்னொருவர் அவரே. அதைக் கழித்தால் ஏழுதானே என்று மனைவி கேட்பாள். எனக்கு ஒன்பது ஒன்பதுதான்.

பெற்றோர் சங்கத்தில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அந்த அம்மாவைப் பற்றி நீங்களும் நாலு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். மற்றவர்கள் எல்லாம் தெய்வம், விளக்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் பெற்றோர்கள் வந்து உட்காருவார்கள். எல்லாம் எங்களைப் போன்றவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பதில் எழுதுவது, கூட்டத்தில் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பேசுவாள். ஆனால் அவசரத்துக்குப் பேச்சு வராது. சத்தம்தான் அவளுக்கு எமன். வகுப்பில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். போனால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள். அதனால் அவளுக்கென்று ஒரு துணை டீச்சரைக் கொடுத்திருந்தார்கள். சின்னப் பெண். மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே இவளை எழுப்பித் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்விடுவாள். அந்தப் பெண் வந்த பிறகுதான் என் மகள் முழு நாள் வகுப்பில் இருந்தாள். அதற்கு முன்னால் பதினொரு மணிக்கெல்லாம் போன் வரும், வந்து கூட்டிப்போங்கள் என்று. யார் வீட்டு ஃப்ரிட்ஜையோ பாதி கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. துணை டீச்சர் இனியும் தேவையா என்று பார்க்கப் போகிறார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார். பிறகு ஒரு கூட்டம். அதில் முடிவு. மனைவி நாலு தடவை படித்தாள்.

"எடுத்துடுவாங்க போலிருக்குங்க," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை டைம்கீப்பரம்மா வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கேட்டார்.

"என்ன ஆகுது பிள்ளைக்கு?"

"சத்தம் வந்தா ரொம்பப் பயப்படுவாக்கா. அடிக்கடி மேஜைக்கு அடியில போயிடுவா," என்றாள் மனைவி.

"அடிக்கடின்னா?"

"அடிக்கடிதான்க்கா."

"அடிக்கடி பஸ் வரும்னு ஸ்டாப்புல எழுதி வெச்சிருந்தா நீ நிப்பியா? எத்தனை மணிக்கு வரும்னு கேக்க மாட்டே? எத்தனை மணிக்குப் போனா, எத்தனை நிமிஷம் இருந்தா, அதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுது. அதைச் சொல்லு."

மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்தார். டிப்போவில் வண்டி போய் வருவதை எழுதும் பழைய தாள்கள். கட்டங்களின் தலைப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார். நேரம். இடம். என்ன நடந்தது. எத்தனை நிமிடம்.

"நல்லது கெட்டது எல்லாத்தையும் எழுது. எது வேணும் எது வேணாம்னு நீ முடிவு பண்ணாதே. அடிக்கடி, எப்பவும், ரொம்ப, கொஞ்சம் இதெல்லாம் என் தாள்ல இருக்கக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

"கூலிங் இல்லன்னு கூப்பிடுவாங்க. நீங்க போய் நிக்கும்போது அது ஒழுங்கா ஓடும். நடந்திருக்கா?"

"தினமும் நடக்கும். வீட்டுக்காரங்க சத்தியம் பண்ணுவாங்க, நேத்து பாலெல்லாம் திரிஞ்சு போச்சுன்னு. நான் திறந்தா பனி கொட்டும்."

"ரிப்பேர் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவீங்களா?"

"எப்படிங்க? எப்பப்ப நிக்குதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைக்கச் சொல்லுவேன்."

"அவ்வளவுதான். அதைத்தான் நானும் சொல்றேன்."

"என் பொண்ணு ஃப்ரிட்ஜ் இல்லைங்க," என்றேன். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"இல்ல. ஃப்ரிட்ஜுக்காக யாரும் கூட்டம் போட மாட்டாங்க," என்றார்.

இவ்வளவு சொல்லியும் நான் ஒரு காரியம் செய்தேன். கவனிக்க வருகிறவர் எந்த நாள் வருகிறார் என்பதை வகுப்பு டீச்சர் நல்ல மனதோடு எனக்குச் சொல்லிவிட்டார். புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் தெரிந்தவர், அவர் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், திறந்துவிட்டார். வகுப்பில் ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். இறக்கி, பேரிங் மாற்றினேன். டியூப்லைட் சோக்கு வண்டு மாதிரி ரீங்கரிக்கும். புதுசு போட்டேன். நாற்காலிகளை இழுத்தால் கிறீச்சிடும். மகளைச் சுற்றி இருந்த எட்டு நாற்காலிக் கால்களுக்கும் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை வெட்டி மாட்டினேன். கடைசியில் வராந்தாவில் இருந்த மின்சார மணியைத் திறந்து, கிண்ணத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பரைச் செருகினேன். மணி அடித்தால் தேங்காயைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

எதற்காகச் செய்தேன் என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைக்க மாட்டோமா? அப்படித்தான் தோன்றியது. முன்பின் தெரியாத ஒரு ஆள் கையில் பேனாவோடு உட்கார்ந்து, என் மகள் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடப்பதைப் பார்ப்பதா? என்னால் தாங்க முடியாது. பார்க்கிறவர் நல்லதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நல்லதைப் பார்த்தால் துணை டீச்சரை எடுத்துவிடுவார்கள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மண்டையில் ஏறவில்லை. கண்ணெதிரே இருந்தது. ஏறவில்லை.

கூட்டம் பள்ளியின் நூலக அறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். முழங்கால் தாடையில் இடித்தது. தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், துணை டீச்சர், கவனிக்க வந்த உளவியல் மேடம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், அலுவலகத்து அதிகாரி, குறிப்பு எழுதும் குமாஸ்தா, என் மனைவி, எங்களுக்குத் துணையாக வந்த டைம்கீப்பரம்மா. எண்ணிக்கொள்ளுங்கள்.

உளவியல் மேடம் வாசித்தார். துணை டீச்சரை ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் கவனித்தாராம். மணி ஒரு தடவை அடித்ததாம். குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வண்ணம் தீட்டினாளாம். அமைதியான, ஒத்துழைக்கும் குழந்தை. தனியாகத் துணை ஆள் வேண்டிய அவசியம் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. துணை டீச்சர் பெண் மட்டும் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார். "அப்பா நீங்கதானே? நான் வந்த நாள் வழக்கமான நாள்தானா?"

"ஆமா மேடம். எப்பவும் இப்படித்தான் இருப்பா."

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார். "இவர் பொய் சொல்றார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றைத் தேடி வாசித்தார். "செவ்வாய். நாலு பத்து முதல் அஞ்சு முப்பத்தஞ்சு வரை. அப்பா வகுப்பறையில் ஃபேன், லைட், எட்டு நாற்காலி, மணி சரி செய்தார்."

என் மனைவியின் கையெழுத்து. நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுது என்று சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாள்.

தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார். "மணிக்கு என்ன ஆச்சுன்னு மூணு வாரமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

குமாஸ்தா குனிந்து சிரித்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்திருக்க முடியாது.

டைம்கீப்பரம்மா விடவில்லை. அதற்கு முந்தின பதினேழு பள்ளி நாட்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வீட்டில் நடந்ததை மனைவி எழுதியது, வகுப்பில் நடந்ததைத் துணை டீச்சர் குறித்துக் கொடுத்தது. மணி அடித்த நேரம். வெளியே கூட்டிப்போன நேரம். துணை டீச்சர் காய்ச்சலில் வராத ரெண்டு நாட்கள்: ஒரு நாள் இருபத்தாறு நிமிஷம் மேஜைக்கு அடியில், மறுநாள் ஐம்பத்தொரு நிமிஷம், அன்று உடுப்பை நனைத்துக்கொண்டது உட்பட. என் மகளின் அந்த ஈர உடுப்பை ஒன்பது பேர் கேட்டார்கள். அதுவும் என் கோபக் கணக்கில் உண்டு.

உளவியல் மேடம் ஃபைலை மூடினார். "நான் மறுபடி வர்றேன். நாள் சொல்ல மாட்டேன். ஃபேனும் லைட்டும் அப்படியே இருக்கட்டும். அது நல்ல வேலை. அதைப் பள்ளிக்கூடம் முன்னாடியே பண்ணியிருக்கணும். மணியை மட்டும் பழையபடி வைங்க."

அதற்குள் ஒரு தாள் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்ததும் பேனாவை எடுத்தேன். அந்த அம்மா தன் உள்ளங்கையைத் தாளின் கீழ்ப்பாதியில் வைத்து மறைத்தார். "மேல இருக்கறது வந்தேன்னு போடறது. கீழ இருக்கறது ஒத்துக்கறேன்னு போடறது. மேல மட்டும் போடுங்க." போட்டேன்.

அன்று சாயங்காலம் மணிக்குள் இருந்த ரப்பரை என் கையாலேயே எடுத்தேன். அடித்துப் பார்க்கச் சொன்னார் வாட்ச்மேன். நான் அடித்துப் பார்க்கவில்லை.

மேடம் சொன்னபடி வந்தார், எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது. பார்க்க வேண்டியதைப் பார்த்தார். துணை டீச்சர் தொடரலாம், ஆனால் காலை நேரம் மட்டும் என்று முடிவு வந்தது. நான் அதுவே போதும் என்றேன். டைம்கீப்பரம்மா மத்தியான நேரத்துக்குத் தனியாகத் தாள் எழுத வைத்தார், ஏழு கடிதம் போட வைத்தார், எட்டு மாதம் கழித்து முழு நாளும் கிடைத்தது. அந்த எட்டு மாதமும் நான் மனைவியை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள் மனைவி.

"வேன்ல சாமான் இருக்கு," என்பேன்.

பிறகு அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டது. தொழில் தொழில்தான், போனேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. ரெண்டு கதவு தாண்டி, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் வெயில் பட நின்றது.

"யாரும்மா இதை இங்க வெச்சது? கம்ப்ரெசர் வெந்து போகாம என்ன பண்ணும்?"

"உள்ள வெச்சா சத்தம் போடுது. மகனுக்கு ஆகாது."

அவருக்கு ஒரு மகன் இருப்பது தெரியும், பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். இருபத்தேழு வயது. உள்ளறையில் தரையில் உட்கார்ந்து துண்டுகளை நாலாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததும் பிரித்துவிட்டு மறுபடி அடுக்கினார். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் அந்நியரைப் பார்த்தால் திரும்புவாளே, அதே திரும்பல்.

நான் கம்ப்ரெசரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார்.

"இவனுக்கு ஆறு வயசுல இப்படித்தான் ஒரு கூட்டம் போட்டாங்க. நான் டியூட்டிலேர்ந்து நேரா போனேன். உள்ள நுழைஞ்சதும் ஒரு தாளை நீட்டினாங்க. எங்க டிப்போவுல உள்ள வந்ததும் முதல் வேலை கையெழுத்துதான். போட்டேன். பக்கத்துல நேரமும் எழுதினேன், ஒன்பது நாப்பத்தெட்டுன்னு. வருகைப் பதிவுன்னு நினைச்சேன். இவனுக்கு இருந்த துணை ஆளை எடுத்துடறோம், பெற்றோர் சம்மதம்னு அதுல இருந்துது. ஒரு வருஷம் பார்த்தாங்க. அப்புறம் வீட்டுலயே வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

"மறுபடி போய்க் கேக்கலையா?"

"கேட்டேன். உங்க கையெழுத்துதானேன்னாங்க. நேரம் வேற போட்டிருக்கீங்க, நிதானமாத்தானே போட்டிருக்கீங்கன்னாங்க." கொஞ்சம் சிரித்தார். "அதுக்கு என்ன சொல்ல முடியும்? நேரம் சரியாத்தான் இருந்துது."

கம்ப்ரெசருக்கு அடியில் நாலு கனமான ரப்பர் வைத்து, பின்னால் குழாய் உரசும் இடத்தில் பஞ்சு சுற்றி, ஃப்ரிட்ஜைச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். ஓடவிட்டோம். மகன் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். போய் மறுபடி துண்டு மடித்தார்.

"ஓடுதா?" என்றார் அந்த அம்மா.

"ஓடுது."

கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு வேற மாதிரி சொல்லியிருக்கலாம் இல்லம்மா? இவருக்கு ஞாபகம் இல்ல, இவருக்குச் சரியாத் தெரியல, அப்படி ஏதாவது. பொய்யன்னுதான் சொல்லணுமா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "வேற மாதிரி சொல்லியிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க. அப்புறம் எல்லாரும் உங்க பதிலைத்தான் எழுதியிருப்பாங்க."

அன்றிலிருந்து வேனில் உட்காருவதை விட்டேன். கோபத்தை விடவில்லை. அது வேறு. சனிக்கிழமைகளில் உள்ளே போய், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவேன். சில அப்பாக்கள் வந்ததும் வராததுமாக, என் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை, இவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள் என்பார்கள். டைம்கீப்பரம்மா என்னைக் காட்டி, "அவர்கிட்ட மணிக் கதையைக் கேளுங்க" என்பார். சொல்வேன். என் மானம் அந்த வீட்டில் அப்படித்தான் பயன்பட்டது.

என் மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. பள்ளியில் கடைசி வருஷம். தனி அறையில் தேர்வு எழுதுகிறாள், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். மணி அடித்தால் இன்னும் காதைப் பொத்துகிறாள். ஆனால் நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. சட்டைப் பையில் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் ஒரு துண்டு வைத்திருக்கிறாள், வேண்டும்போது விரலால் நெரித்துக்கொள்வாள். மூன்றாவது துண்டு அது. ரெண்டு தேய்ந்துபோயின.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார், ஃப்ரிட்ஜில் தண்ணீர் கசிகிறது என்று. வயது எழுபத்தொன்று. ரெண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரு வருஷமாகக் கைத்தடி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக மாட்டார். மகனைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது எல்லாம் இன்னும் அவர்தான். முப்பத்தெட்டு வயது ஆள், என்னைவிட உயரம். எத்தனை தடவை வழுக்கினார்களோ.

போனால் வீடு பளபளவென்று இருந்தது. தரை துடைத்திருந்தது. துண்டுகள் அலமாரிக்குள் போயிருந்தன. குளியலறையில் வழுக்காமல் இருக்கப் போட்டிருந்த பாயைக் காணோம். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "வாங்க மெக்கானிக்" என்றார்.

கசிவு பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீர் போகும் துளை அடைத்திருந்தது. குத்திவிட ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தேன். பின்னால் சுவரோடு சாய்த்து வைத்திருந்த கைத்தடி என் தோளில் விழுந்தது.

கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"யாரும்மா வர்றாங்க?" என்றேன்.

"ஆபீசுலேர்ந்து. இவனுக்குக் காலைல ஆள் அனுப்பணும்னு எழுதிப் போட்டிருந்தேன். ரெண்டு மணி நேரம், குளிப்பாட்டி விட. தேவையான்னு நேர்ல பார்க்க வர்றாங்க. அடுத்த புதன்கிழமை."

"இன்னிக்கு வியாழன். இப்பவே துடைச்சு வெச்சிருக்கீங்க."

"நாலு நாளா துடைக்கறேன். ஒரேயடியா குனிய முடியல."

"நேரம் எழுதினீங்களா? தாள் எங்க?"

"எழுதல," என்றார். சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். "ஊரான் பிள்ளைக்கு எழுத வருது. இவனுக்கு எழுத உட்கார்ந்தா, அவங்க அதையே பிடிச்சு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னா, உன்னால பார்த்துக்க முடியல, நாங்க கூட்டிட்டுப் போய் வேற எங்கயாவது வைக்கறோம்னு சொல்லிட்டாங்கன்னா. அப்படியே தாளை மூடி வெச்சுடறேன்."

நான் தடியை மேஜை மேல் அவர் முன்னால் வைத்தேன். உள்ளே போய்ப் பாயைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் சுருட்டியிருந்தது. கொண்டுபோய்க் குளியலறையில் விரித்தேன். அலமாரியிலிருந்து துண்டுகளை எடுத்து மகனிடம் கொடுத்தேன். அவர் வாங்கித் தரையில் வைத்து மடிக்க ஆரம்பித்தார். திரும்பி வந்தபோது அந்த அம்மா தடியைக் கையில் எடுத்திருந்தார். டிப்போ தாள் ஒன்று மேஜையில் இருந்தது. அதில் முதல் கட்டத்தில் அன்றைய தேதியும், காலை ஏழு இருபது என்றும் எழுதியிருந்தது. மற்றது காலி.

"புதன்கிழமை வேலை இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இருந்தா என்ன?"

"பத்து மணிக்கு வாங்க. பத்துன்னா பத்து. அவங்க என்கிட்ட கேப்பாங்க, சமாளிச்சுக்கறீங்களாம்மான்னு. நான் சமாளிச்சுக்கறேன்னு சொல்லிடுவேன். எவ்வளவு யோசிச்சு வெச்சாலும் வாயில அதுதான் வரும், எனக்குத் தெரியும். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் வருத்தப்படுவேன்னு பார்க்காதீங்க. இந்த அம்மா பொய் சொல்லுதுன்னு நீங்க சொல்லணும்."